கொம்பு ஓடிப்போன ராத்திரி

நேத்து ராத்திரி பதினொன்றரைக்கு ஃபிளெக்ஸ் கடைத் தம்பி போன். "அண்ணே, நீங்க டிசைன் பண்ணின ஜவுளிக்கடை பேனர்ல 'பொங்கல்' உடைஞ்சு நிக்குது. அப்படியே அடிச்சிரவா?"

வாட்ஸப்பில் படம் பார்த்தேன். 'ப'வுக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய்க் காலோடு ஒட்டிக்கிடக்கு. தப்பு என்னோடதுதான். அவங்க கம்ப்யூட்டர்ல இருக்கிற பழைய இல்லஸ்ட்ரேட்டர் டிசைன் சாஃப்ட்வேருக்கு யூனிகோட் தமிழைக் கோக்கத் தெரியாது. எழுத்தை அவுட்லைனா, அதாவது வெறும் வடிவமா, மாத்தி அனுப்பியிருக்கணும். கண்ட்ரோல், ஷிஃப்ட், ஓ. ரெண்டு செகண்ட் வேலை. ஏழாவது திருத்தம் முடிச்ச அசதியில விட்டுட்டேன். (ஏழாவது திருத்தம்னா, ரெண்டாவதுக்கே திரும்பி வந்தது.)

ஜவுளிக்கடை அண்ணாச்சி லோகோன்னு தந்தது அவரோட வாட்ஸப் டிபி. அதை 10க்கு 8 அடி பேனர்ல போட்டா வெறும் கட்டம் கட்டமாத்தான் தெரியும். உட்கார்ந்து முழுசா திரும்ப வரைஞ்சேன், ரெண்டு மணி நேரம். பில்லுல அது இல்லை. 50 சதவீதம் அட்வான்ஸ் கேட்டப்பவே, "ஓடியா போயிருவோம் தம்பி?"ன்னு சிரிச்ச மனுஷன்கிட்ட அதை எப்படிச் சொல்ல!

காலையில பேனர் கட்டியாச்சு. "சூப்பர் தம்பி"ன்னு மெசேஜ் வந்துச்சு. அதே சூட்டோட பாக்கி 4,500 பத்திக் கேட்டேன்.

நீல டிக் விழுந்து ஆறு மணி நேரம் ஆச்சு.