கன்னத்துப் பொட்டு

எங்கள் கடைக்கு இப்போது வருகிற வேலையில் பாதி, இறந்துபோனவர்களின் படங்கள். பதினாறாம் நாள் காரியத்துக்குள் பெரிதாக்கிச் சட்டம் போட வேண்டும் என்று அவசரமாக வருவார்கள். கையில் இருப்பது ரேஷன் கார்டிலிருந்து உரித்தெடுத்த ஸ்டாம்ப் சைஸ் படமாக இருக்கும். இல்லையென்றால் கல்யாண குரூப் போட்டோவில், யாருடைய கொண்டைக்கோ பின்னால் தெரிகிற அரை முகம். அதிலிருந்து முழு ஆளை வரவழைக்க வேண்டும்.

மிச்சப் பாதி, சின்ன வயதுப் படங்கள். அப்படி ஒரு படத்தில்தான் நான் பெரிய தப்பு ஒன்றைச் செய்தேன்.

கொண்டுவந்தவருக்கு எழுபதை ஒட்டிய வயது. படத்தில் இருந்த குழந்தையும் அவர்தான். அரைஞாண் மட்டும் கட்டி, குப்புறப் படுத்து, தலையைத் தூக்கிப் பார்க்கிற படம். அந்தக் காலத்தில் எல்லா ஸ்டுடியோவிலும் எடுத்த அதே போஸ். ஓரங்களில் வெள்ளி பூத்திருந்தது. ஒரு மூலையை ராமபாணப் பூச்சி தின்றிருந்தது. உடம்பெல்லாம் பூசணப் புள்ளிகள். இரண்டு ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தேன். இடது கன்னத்தில் கொஞ்சம் பெரிதாக ஒரு கரும்புள்ளி இருந்தது. அதையும் எடுத்துவிட்டேன்.

அந்த அம்மா பிரின்டைக் கையில் வாங்கி, "நல்லா இருக்கு தம்பி" என்றார். அப்புறம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார்.

"பொட்டு எங்க?"

கறை என்று நினைத்தேன் என்று சொன்னேன்.

"கறை இல்ல தம்பி. திருஷ்டிப் பொட்டு. எங்க அம்மா வச்சது. எனக்கு ரெண்டு வயசுல அவங்க போயிட்டாங்க. அவங்க போட்டோ ஒண்ணு கூட எங்ககிட்ட கிடையாது."

முதலில் ஸ்கேன் செய்த ஃபைல் அழியாமல் இருந்தது. பொட்டைத் திரும்பக் கொண்டுவர ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. அவர் போன பிறகும் அன்று வேறு வேலை ஓடவில்லை. பெரிதாக்கிப் பார்த்தால், அந்தப் பொட்டு வட்டமாக இல்லை. விரலால் வைத்து லேசாக இழுத்த மாதிரி காதுப் பக்கம் ஒரு வால் போகிறது. பிள்ளை முகத்தைத் திருப்பியிருக்கும்.

அன்றிலிருந்து எதை அழிப்பதற்கு முன்னாலும் கேட்டுவிடுவேன். விதவிதமான பதில்கள் வரும். சட்டையில் பித்தானுக்குப் பதிலாகக் குத்திய ஊக்கு இருக்கட்டும் என்றார் ஒருவர், இப்போது நான்கு லாரிக்கு முதலாளி. பெரியப்பாவை எடுத்துவிடுங்கள் என்றார் இன்னொருவர், நிலத் தகராறு. எடுத்தேன். குரூப் போட்டோவில் ஆள் போன இடத்தை நிரப்புவதுதான் சிரமம். பக்கத்தில் நிற்பவர் தோளில் போட்ட கை அப்படியே நிற்கும்.

கலர் போடச் சொன்னால் இன்னும் வம்பு. அம்மாவின் சேலை அரக்கு என்றார் அக்கா, கரும்பச்சை என்றார் தங்கை. கறுப்பு வெள்ளையில் இரண்டும் ஒரே சாம்பல்தான், படத்தைக் கேட்டால் பதில் வராது. இருவரும் கடையிலேயே சண்டை போட்டார்கள். அந்தச் சேலையில் தூளி கட்டி ஆடியதாக இருவருமே சொன்னார்கள். கடைசியில் இரண்டு பிரின்ட் போட்டுக் கொடுத்தேன்.

என் கதைக்கு வருகிறேன். 1975-இல், எனக்கு ஐந்து வயதில், கோவில்பட்டியில் எடுத்த படம். தாஜ்மஹால் வரைந்த படுதாவுக்கு முன்னால் அப்பா, தாத்தா, அண்ணன், நான். மூவரும் கேமராவைப் பார்க்க, நான் மட்டும் பக்கவாட்டில் எதையோ பார்க்கிறேன். ஒரு கன்னம் உப்பியிருக்கிறது, கடலை மிட்டாய். "அஞ்சு வயசிலேயே இவன் லைட்டைத்தான் பாத்துக்கிட்டு நின்னான்" என்று வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் அப்பா சொல்வார். அந்த ஃபோகஸ் விளக்கின் சூடு இன்றும் எனக்கு முகத்தில் நினைவிருக்கிறது.

1988-இல் பிளஸ் டூவில் கணக்கில் கோட்டை விட்டபோது, இதே வசனத்தைச் சொல்லித்தான் அதே ஸ்டுடியோவில் சேர்த்துவிட்டார். முதல் இரண்டு வருடம் சிவப்பு பல்ப் வெளிச்சத்தில் டிரேயை ஆட்டுவதும் பிரின்ட் கழுவுவதும்தான் வேலை. "ஹைப்போ போக நல்லா அலசுடா, நீ செத்தப்புறமும் படம் இருக்கணும்" என்பார் ஸ்டுடியோ அண்ணாச்சி. ஹைப்போ, பிரின்டில் படத்தை நிலைக்க வைக்கிற மருந்து. சரியாக அலசாமல் மிச்சம் நின்றால் நாளாக நாளாகப் படம் மஞ்சளடிக்கும். இன்று ரிப்பேருக்கு வருகிற மஞ்சளடித்த படங்கள் சிலவற்றின் பின்னால் எங்கள் ஸ்டுடியோ சீலும் 1989, 1990 என்று தேதியும் இருக்கும். அலசியது நான்தான். அவற்றுக்குக் காசு குறைத்து வாங்கிக்கொள்கிறேன், காரணம் சொல்வதில்லை.

போன வருடம்தான் எங்கள் வீட்டுப் படத்தை மவுண்ட் அட்டையிலிருந்து பிரித்து ஸ்கேன் செய்தேன். அட்டை மறைத்திருந்த ஓரத்தில் அரை அங்குலம் கூடுதலாகத் தெரிந்தது. நான் பார்க்கிற பக்கத்தில், ஒரு சேலையின் கொசுவமும் வளையல் போட்ட கையும். விளக்கு எதிர்ப்பக்கம் இருந்திருக்கிறது. என் மூக்கின் நிழல் விழுகிற திசையைப் பார்த்தாலே தெரியும். முப்பது வருடமாக வெளிச்சம் போடுகிறவன் கவனிக்கவில்லை.

ஆக, நான் பார்த்தது அம்மாவை. ஃபைலை போனில் ஏற்றிக்கொண்டு அன்று ராத்திரியே அம்மாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இது நான் இல்லடா. உங்க அத்தை. நான் வெளிய தங்கச்சியத் தூக்கி வச்சுக்கிட்டு நின்னேன். அது ஒரே அழுகை."

"அப்ப நான் எதைப் பாக்கிறேன்?"

"மிட்டாய் அவ கையிலதான இருந்துச்சு."

இந்தத் தொழிலுக்கு எப்படி வந்தீர்கள் என்று யாராவது கேட்டால், இப்போதும் விளக்கைத்தான் சொல்கிறேன்.