கிரெசென்ட் சிட்டியில் ஒன்பது இரவுகள்

அம்மாவோடு கிரெசென்ட் சிட்டியில் ஒன்பது இரவுகள் தங்கிவிட்டு, நேற்று முன்தினம் இரவுதான் கலிபோர்னியாவின் ஃபிரிமாண்டிலுள்ள வீட்டுக்குத் திரும்பினோம். இன்று காலை, படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ள ஆர்.வி. என்னும் வீட்டு வண்டியை எங்களுக்கு வாடகைக்குக் கொடுத்த நிறுவனத்திடமிருந்து 95 டாலர் கூடுதல் கட்டணம் கேட்டு மின்னஞ்சல் வந்திருக்கிறது. கழிப்பறைத் தொட்டியைக் காலி செய்யாமல் வண்டியை ஒப்படைத்தோமாம். கிளம்புவதற்கு முன் அந்தத் தொட்டியை நானே குழாய் பொருத்தித் திறந்து, தெளிந்த நீர் வரும் வரை இருமுறை அலசிவிட்டேன். ஆர்.வி. தொட்டிகளில் அளவைக் காட்டும் உணரிகள் உட்சுவரில் பதிந்திருப்பதால், அவற்றின்மேல் கசடு ஒட்டிக்கொண்டால் வெறுந்தொட்டியும் மூன்றில் ஒரு பங்கு நிறைந்திருப்பதாகவே காட்டும். இது வாடகைக்கு விடுபவர்களுக்குத் தெரியாததன்று. வாடகை வண்டி எடுப்பவர்கள் கடைசியாகத் தொட்டியை அலசும்போது கைபேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். நான் பிடிக்கவில்லை, அதனால் இப்போது வாதாடிக்கொண்டிருக்கிறேன்.

செலவுக் கணக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 25 அடி நீள வண்டிக்கு வாடகையும் காப்பீடும் சேர்த்து 1,530 டாலர். கேலனுக்கு ஏறத்தாழ ஒன்பது மைல்தான் ஓடும் என்பதால் பெட்ரோலுக்கு 480 டாலர். மின்சாரம், குடிநீர், கழிவுநீர் ஆகிய மூன்று இணைப்புகளும் உள்ள ஆர்.வி. பார்க்கில் ஒரு வாரத்துக்கு 340, மேலும் இரண்டு இரவுகளுக்கு 120. மொத்தம் 2,470 டாலர். ஆர்.வி.யில் போனால் செலவு குறையும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நாள்தோறும் ஊர் மாறுபவர்களுக்கு இது இன்னும் கூடும். ஒரே இடத்தில் வாரக் கட்டணத்தில் தங்கியதால்தான் எங்களுக்கு இந்த அளவோடு நின்றது. நாகப்பட்டினத்திலிருந்து வந்திருக்கும் அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. தினமும் பெட்டி கட்டாமல், நினைத்த நேரத்தில் படுத்து எழுந்து, சொந்த அடுப்பில் சமைத்துச் சாப்பிட வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. அந்த வகையில் கொடுத்த பணத்துக்கு முழுப் பலன் கிடைத்தது.

கிரெசென்ட் சிட்டி கலிபோர்னியாவின் வடமேற்கு மூலையில், ஓரிகன் எல்லைக்குச் சற்றுத் தெற்கே, பிறை வடிவ விரிகுடாவை ஒட்டி இருக்கிறது. ஃபிரிமாண்டிலிருந்து ஏறத்தாழ 600 கிலோமீட்டர். ஊருக்குத் தெற்கே 101ஆம் நெடுஞ்சாலையில் 'லாஸ்ட் சான்ஸ் கிரேடு' என்றொரு மலைச்சரிவு உண்டு. அங்கே மண் ஓயாமல் கடலை நோக்கிச் சரிந்துகொண்டே இருப்பதால் சாலையைப் பராமரிக்கும் வேலையும் ஓய்வதில்லை. ஒரு பக்க வண்டிகளை மட்டும் மாற்றி மாற்றி விட்டதால் இருபது நிமிடம் காத்திருந்தோம்.

ஆகஸ்ட் மாதத்தில் அங்கே வெயில் இருக்கும் என்று எண்ணிப் போகாதீர்கள். காலையில் கடல் தெரியாத அளவுக்கு மூடுபனி. இரவு முழுவதும் துறைமுகத்திலிருந்து கடற்சிங்கங்களின் குரைப்பு. முதல் இரவு தூக்கமில்லை. மூன்றாம் இரவு முதல் அந்தச் சத்தம் காதில் விழவே இல்லை.

எங்களுக்கு அங்கே கடிகாரமாக இருந்தது ஓதம், அதாவது கடல் ஏறுவதும் வற்றுவதும்தான். பேட்டரி பாயின்ட் கலங்கரை விளக்கம் 1856 டிசம்பரில் முதன்முதலாக ஏற்றப்பட்டது. அது நிற்கும் பாறைத்திட்டுக்கு, கடல் வற்றும் நேரத்தில் மட்டுமே நடந்து போக முடியும். நாங்கள் போன மறுநாள் வற்றம் காலை எட்டு மணிக்கு முன்பே வந்து போய்விட்டது. அந்நேரத்தில் கலங்கரை விளக்கத்திலுள்ள அருங்காட்சியகம் திறந்திருக்காது. வற்றம் நாளுக்கு ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளிப்போவதால், மூன்று நாள் பொறுத்திருந்து, பத்தரை மணி வற்றத்தில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஈரக் கற்களைத் தாண்டினோம். இரண்டு நாள் பயணமாக வந்திருந்தால் அம்மா அதைக் கரையிலிருந்து பார்த்துவிட்டுத்தான் திரும்பியிருப்பார்.

கலங்கரை விளக்க வீட்டின் சன்னலில் நின்றபோது எனக்கு நெஞ்சு கனத்தது. 1964 மார்ச் 27 அன்று அலாஸ்காவில் 9.2 அளவில் ஏற்பட்ட நிலநடுக்கத்தின் ஆழிப்பேரலை, அன்று நள்ளிரவையொட்டி இந்த ஊரை வந்தடைந்தது. முதல் அலைகள் சிறியவை. ஆபத்து நீங்கியது என்று நம்பிச் சிலர் கடைகளைச் சுத்தம் செய்யத் திரும்பியிருக்கிறார்கள். அவர்கள் திரும்பிய பிறகு வந்த நான்காவது அலைதான் எல்லாவற்றிலும் பெரியது. நகரின் 29 தெருத்தொகுதிகள் அழிந்தன. பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். கடல் உள்வாங்கி, அடித்தரை தெரிய விலகிப்போனதைக் கலங்கரை விளக்கக் காப்பாளர் தம்பதியர் நிலவொளியில் பார்த்திருக்கிறார்கள். கலங்கரை விளக்கமோ தப்பிவிட்டது. 2004 டிசம்பர் 26 காலை நாகையில் இருந்தவர் அம்மா. அதையெல்லாம் நான் தமிழில் சொல்லச் சொல்ல, "இங்கேயும் உள்வாங்கிட்டுத்தான் வந்துச்சா" என்று மட்டும் கேட்டார்.

இதே ஊர்க் கடற்கரையில்தான், 2011இல் ஜப்பானை அழித்த பேரலை அடித்துச் சென்ற சிறு படகொன்று, இரண்டு ஆண்டுகள் கழித்து, 2013 ஏப்ரலில் கொட்டலசு என்னும் ஓட்டு உயிரிகள் மொய்த்த நிலையில் ஒதுங்கியது. பெயர் 'கமோமே', ஜப்பானிய மொழியில் கடற்புறா என்று பொருள். ரிகுசென்டகாட்டா நகரப் பள்ளிக்கூடத்துப் படகு அது. இங்குள்ள உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் கொட்டலசுகளைச் சுரண்டிச் சுத்தம் செய்து ஜப்பானுக்கே திருப்பி அனுப்ப, அதன் வழியாக இரண்டு ஊர்களும் சகோதர நகரங்களாகிவிட்டன.

இனி, நாங்கள் தின்ற சூரை மீனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கோடையின் பிற்பகுதியில் இக்கரையோரத்துத் துறைமுகங்களில், 'அல்பகோர்' என்னும் வெள்ளைச் சூரையைச் சில படகுக்காரர்கள் படகிலிருந்தே முழு மீனாக விற்பார்கள். ஆறு கிலோவுக்குக் குறையாத ஒரு மீனை வாங்கிய பிறகுதான், அதை வைக்க ஆர்.வி.யின் குளிர்பெட்டியில் இடமில்லை என்பது உறைத்தது. "என்னங்க, பாதியைப் பக்கத்து வண்டிக்குக் கொடுத்துடலாம்" என்றாள் மனைவி. பக்கத்தில் ஐடஹோவிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற தம்பதியர் தங்கியிருந்தனர். வண்டிக்குள் வாடை தங்கிவிடும் என்பதால் வெளியே மேசையில் அடுப்பை வைத்து, வீட்டிலிருந்து கொண்டுபோன புளியைக் கரைத்து, சின்ன வெங்காயமும் பூண்டும் நல்லெண்ணெயில் வதக்கி, அம்மாவின் மேற்பார்வையில் குழம்பு கொதித்தது. அன்று மதியம் கடலில் இருந்த மீன்; துண்டு உடையாமல், உள்ளே வெளிர்சிவப்பு மாறியதும் அடுப்பை அணைத்தோம். கலிபோர்னியாவில் பதினோரு ஆண்டுகளாக நான் சாப்பிட்ட மீன் குழம்புகளில் இதற்கு இணையானது எதுவுமில்லை. ஐடஹோத் தம்பதியர் இரண்டாம் முறையும் சோறு போட்டுக்கொண்டார்கள்.

அந்தக் குழம்பினால் எங்கள் பெருஞ்சிக்கல் ஒன்றும் தீர்ந்தது. ஊரின் ரெட்வுட் காடுகளில் ஆகச் சிறந்த வழியான ஹவ்லண்டு ஹில் சாலை, பெரும்பாலும் மண் சாலை. இருபுறமும் அடிமரங்கள் நெருக்குகின்றன. ஆர்.வி.க்கும் டிரெய்லருக்கும் அது ஏற்றதன்று என்று பூங்கா நிர்வாகமே எச்சரிக்கிறது. ரெட்வுட் தேசியப் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆனால் சிறிய கார் இல்லாமல் அதன் நெஞ்சுப் பகுதிக்குள் நுழைவது கடினம். பெரிய வண்டியின் பின்னால் ஒரு சிறு காரைக் கட்டி இழுத்து வந்திருந்த அத்தம்பதியர், மறுநாள் தங்களோடு வரும்படி எங்களை அழைத்தனர்.

இந்த மரங்களைத் தமிழில் செம்மரம் என்று எழுதினால் ஆந்திரக் காட்டுச் செம்மரத்தோடு குழம்பிவிடும். ரெட்வுட் என்றே இருக்கட்டும். உலகின் மிக உயரமான மரங்கள் இவை. 2006இல் கண்டறியப்பட்ட 'ஹைபீரியன்' என்னும் மரம் ஏறத்தாழ 116 மீட்டர். அதைத் தேடிப் போகிறவர்களின் கால்பட்டு மண் கெட்டுவிட்டதால் அப்பகுதியையே மூடிவிட்டார்கள், தேடாதீர்கள். இவ்வளவு உயரமான மரத்துக்கு ஆணிவேர் கிடையாது. ஆழமில்லாத வேர்கள் பக்கவாட்டில் பரந்து, அண்டை மரங்களின் வேர்களோடு பின்னிக் கிடக்கின்றன. கோடையில் மழை அநேகமாகப் பெய்யாத இக்கரையில், நாங்கள் காலையெல்லாம் நொந்துகொண்ட அந்த மூடுபனிதான் இலைகளில் படிந்து சொட்டி இவற்றைக் காக்கிறது. அது தெரிந்த பிறகு பனியைப் பற்றி நான் குறை சொல்லவில்லை.

அத்தம்பதியரின் காரில் நாங்கள் போய்ப் பார்த்த ஸ்டவுட் தோப்பு 44 ஏக்கர்தான். மரவணிகர் ஒருவரின் நினைவாக அவர் மனைவி 1929இல் கொடுத்த நிலம் அது. அணையே கட்டப்படாத ஸ்மித் ஆறு வெள்ளக் காலத்தில் தோப்புக்குள் ஏறி வண்டலைப் படியவைத்துச் செல்வதால், புதர் அடராமல் பெரணிகளும் சிறுசெடிகளும் மட்டும் நிற்கின்றன. அதனால் அடிமரம் முழுவதையும் நிலத்திலிருந்தே பார்க்க முடிகிறது. வண்டி நிறுத்துமிடத்திலிருந்து இறக்கம் சற்றுச் செங்குத்து. கீழே தரை சமம். அம்மா அந்தச் சிறு சுற்றை நடக்க ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டார், யாரும் அவசரப்படுத்தவில்லை. ஒரு மரத்தடியில் குனிந்து, "இது நம்ம புளியாரை மாதிரி இருக்கே" என்றார். அதன் நெருங்கிய உறவுதான். நேர்வெயில் பட்டதும் அதன் இலைகள் குடைபோல் மடங்கிக்கொள்வதை, கிளைகளுக்கிடையே விழுந்த ஒற்றை வெயில் கீற்றில் நாங்கள் கண்ணால் பார்த்தோம். பறித்துச் சுவைக்கக் கேட்டவரிடம், பூங்காவுக்குள் செடிகளைப் பறிக்கக் கூடாது என்று சொல்ல வேண்டியதாயிற்று. ஒருகாலத்தில் இக்கரையெங்கும் நின்ற முதுகாட்டில் இன்று எஞ்சியிருப்பது ஏறத்தாழ ஐந்து விழுக்காடு மட்டுமே. மற்றவை பலகையாகிப் போயின.

கார் இல்லாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. கோடையில் மட்டும், ஜெடடையா ஸ்மித் முகாம் பகுதியிலிருந்து ஆற்றைக் கடக்க மரப்பாலம் போடுகிறார்கள், ஆர்.வி.யை அங்கே நிறுத்திவிட்டுப் பாலம் கடந்து நடந்தால் அதே தோப்புக்குப் போய்விடலாம். எட்டாம் நாள் அப்படித்தான் மறுபடியும் போனோம், அம்மாதான் கேட்டார். பெட்ரோல் நிரப்புவதானால் வடக்கே ஓரிகனின் புரூக்கிங்ஸுக்குப் போய்வாருங்கள். விலை குறைவு, கடைப் பொருள்களுக்கு விற்பனை வரியும் இல்லை.

அம்மாவின் விசா அடுத்த மாதம் முடிகிறது. மீதமிருந்த சூரைத் துண்டுகள் இரண்டை உறைய வைத்துக் கொண்டுவந்திருக்கிறோம்; ஞாயிற்றுக்கிழமை குழம்பு வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.