சந்தூர் நாற்றுப்பண்ணைக்கு ஒரு பக்கம்: ஜூன் மாத நாட்குறிப்பு

ஜூன் 1, 2025, ஞாயிறு

அப்பா போச்சம்பள்ளி சந்தைக்குக் கிளம்பிப் போனதும் கணினியைத் திறந்தேன். எங்கள் நாற்றுப்பண்ணைக்கு ஒரு இணையப் பக்கம் செய்யணும் என்று பல நாளாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். சந்தூரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மா ஒட்டுச்செடி விற்கிறவர்கள்தான். வெளியூர்க்காரர்கள் போனில் கேட்பதும் எப்போதும் ஒன்றுதான்: என்னென்ன ரகம் இருக்கு, செடி எத்தனை அடி, ஏக்கருக்கு எத்தனை வேணும். அதை எழுதி வைத்துவிட்டால் லிங்க் அனுப்பினால் போதும்.

காசு கொடுத்தால் செய்து தர ஆள் உண்டு. ஆனால் அல்போன்சா தீர்ந்துபோனால் அன்றைக்கே பட்டியலிலிருந்து எடுக்கணும். ஒவ்வொரு தடவையும் இன்னொருத்தரிடம் போய் நிற்க முடியாது. நானே படிக்கிறேன்.

இணையப் பக்கம் எழுதும் மொழி ஹெச்டிஎம்எல். அதை நோட்பேடில் அடித்துச் சேமித்தேன். கோப்பைச் சொடுக்கினால் மறுபடி நோட்பேடே திறக்கிறது. ஓசூரில் இந்த வேலையிலேயே இருக்கிற பெரியம்மா மகள் அக்காவுக்குப் போன் போட்டேன். “பேருக்குக் கடைசியில டாட் டிஎக்ஸ்டின்னு ஒட்டிட்டு இருக்கும்டா தம்பி. விண்டோஸ் அதை மறைச்சு வெச்சிருக்கும். எக்ஸ்டென்ஷனைக் காட்டச் சொல்லிப் பாரு” என்றாள். அதேதான். வாலை நீக்கியதும் பக்கம் பிரவுசரில் வந்தது. வெள்ளைத் திரையில் கறுப்பாக எங்கள் பண்ணையின் பெயர். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 3, செவ்வாய்

ரகப் பட்டியல் அடித்தேன்: பெங்களூரா, செந்தூரா, அல்போன்சா, பங்கனப்பள்ளி, மல்கோவா, நீலம், இமாம்பசந்த். பங்கனப்பள்ளியைத் தடிமனாக்கப் போய், தடிமன் இங்கே முடிகிறது என்று சொல்லும் குறியில் (மூடும் டேக்) சாய்கோட்டை விட்டுவிட்டேன். அதற்குக் கீழே கடைசி வரி வரைக்கும் தடிமன். பிரவுசர் தப்பு என்று எதுவும் சொல்வதில்லை. தானே ஒன்றை ஊகித்துக்கொண்டு காட்டிவிடுகிறது. கற்றுக்கொள்கிறவனுக்கு இது பெரிய சிரமம்.

அக்கா சொல்லி, 1991-ல் டிம் பெர்னர்ஸ்-லீ செர்ன் ஆய்வகத்தில் செய்த முதல் இணையத்தளத்தின் படியைப் போனில் திறந்து பார்த்தேன். எழுத்தும் லிங்க்கும் மட்டும்தான், ஒரு படம் கூடக் கிடையாது. முப்பது வருசத்துக்கு மேலாகியும் நம் போனில் தடங்கலில்லாமல் திறக்கிறது. என் பக்கமும் அந்த மாதிரி இருந்தால் போதும் என்று தோன்றியது.

ஜூன் 5, வியாழன்

“அக்கா, சிஎஸ்எஸ் வேலை செய்யல.” இவ்வளவுதான் அனுப்பினேன். பக்கத்தின் நிறம், அளவு எல்லாம் சொல்வது சிஎஸ்எஸ். அவள் திருப்பி அனுப்பியது: “என்ன செஞ்ச, என்ன வரும்னு நினைச்ச, என்ன வந்துச்சு. மூணையும் எழுதிக் கோடிங்கோட அனுப்பு. ‘வேலை செய்யல’ன்னா நான் எதைன்னு பார்க்குறது?”

முதலில் சுருக்கென்றது. அப்புறம் யோசித்தேன். செடி வாங்கிப் போனவர் போனில் “செடி சரியில்ல” என்றால் அப்பாவும் இதைத்தானே கேட்பார்? தண்ணி எப்போ விட்டீங்க, இலை எப்படி இருக்கு, தளிர் வாடுதா, அடி வாடுதா?

சரி என்று உட்கார்ந்து எழுதினேன். சிஎஸ்எஸ் கோப்பை இணைக்கும் வரியை வாட்ஸ்அப்பிலிருந்து எடுத்து ஒட்டினேன், தலைப்பு பச்சையாக வரும் என்று நினைத்தேன், கறுப்பாகவே இருக்கிறது. எழுதிவிட்டு அந்த வரியைப் பெரிதாக்கிப் பார்த்தபோது கண்ணில் பட்டது. மற்ற இடத்தில் மேற்கோள் குறி ஆணி மாதிரி நேராக நிற்கிறது. இந்த ஒரு வரியில் மட்டும் காற்புள்ளி மாதிரி வளைந்திருக்கிறது. பிரவுசர் அந்த வளைந்த குறியைக் கோப்புப் பெயரோடு சேர்த்துப் படித்துவிட்டு, அப்படி ஒரு கோப்பைத் தேடியிருக்கிறது. குறியை நானே அடித்தேன், தலைப்பு பச்சையானது. அக்காவுக்கு எழுதியதை அனுப்பவே இல்லை.

ஜூன் 8, ஞாயிறு

சிஎஸ்எஸ்ஸுக்காகப் பக்கத்தின் பகுதிகளுக்கு வைக்கிற பெயர்கள் கிளாஸ், ஐடி. இரண்டும் குழப்பின. அக்கா நம்ம ஊர் ஆள் என்பதால் ஒரே வார்த்தையில் புரிய வைத்தாள். “கிளாஸ்னா ரகம். பெங்களூரா ஆயிரம் செடி இருக்கலாம். ஐடின்னா கிணத்து மேட்டுல நிக்குதே தாய் மரம், அது. பக்கத்துக்கு ஒண்ணுதான்.” இனி மறக்காது.

ஜூன் 11, புதன்

இன்றைக்குப் பக்கத்தை வெளியே ஏற்றினேன். ராத்திரி ஒன்பது மணி. போனில் முகவரியை அடித்தேன். ஒரு தமிழ் எழுத்து கூட இல்லை. பக்கம் முழுக்க ஏதேதோ குறிகள். என் கணினியில் அதே கோப்பு அழகாகத் தெரிகிறது. எழுதினதெல்லாம் அழிந்துவிட்டதோ என்று வயிறு கலங்கியது.

இந்தத் தடவை மூன்றையும் எழுதி, படமும் எடுத்து அனுப்பினேன். அக்கா உடனே கூப்பிட்டாள். “எழுத்து எங்கயும் போகல, பயப்படாத. மா-ன்னு இருந்த இடத்துல என்ன இருக்கு? ஒவ்வொண்ணா சொல்லு.”

எண்ணிச் சொன்னேன். தலையில் சாய்ந்த கோடு போட்ட சின்ன ஆங்கில ஏ, வட்டத்துக்குள் ஆர், மறுபடி வட்டத்துக்குள் ஆர். அப்புறம் திரும்ப அதே ஏ, அதே ஆர், கடைசியில் முக்கால் என்கிற பின்னம். ஆறு குறி.

“கணக்கு சரியா இருக்கு பாரு” என்றாள். மகரம் ஒன்று, துணைக்கால் ஒன்று. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் இரண்டும் தனித்தனி. அந்த எண்ணைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் (சேமிப்பின் சின்ன அலகு), ஆக ஆறு. தமிழ்க் குறிகள் எல்லாமே ஒரே பைட்டில்தான் தொடங்கும், அதனால்தான் அந்த ஏ திரும்பத் திரும்ப வருகிறது. மூன்று மூன்றாகச் சேர்த்துப் படிக்க வேண்டியதைப் பிரவுசர் பழைய மேற்கத்திய முறையில் ஒவ்வொன்றாகப் படித்திருக்கிறது. வீட்டுக் கணினியில் இருக்கும் கோப்பை அது முழுதாகப் பார்த்து ஊகித்துக்கொள்ளும். வெளியிலிருந்து வரும் பக்கத்துக்கு நாம்தான் சொல்லணும்.

பக்கத்தைப் பற்றிய விவரம் இருக்கும் ஹெட் பகுதி தொடங்கியதும், எழுத்து எந்த முறையில் இருக்கிறது என்று சொல்லும் வரியை முதல் வரியாக, மெட்டா சார்செட் யூடிஎஃப்-8 என்று சேர்த்தேன். முதல் 1,024 பைட்டுக்குள் அது இருக்கணுமாம். ஏற்றிவிட்டுத் திரும்பத் திறந்தேன். “மா ஒட்டுச்செடிகள்” என்று வந்தது. அந்தத் துணைக்காலைப் பார்த்தபோது உண்மையிலேயே கண் கலங்கியது.

செந்தூரா படம் மட்டும் வரவில்லை. எஃப்12 அழுத்தி, பிரவுசர் செய்திகளைக் காட்டும் கன்சோலில் பார்த்தால் 404, அதாவது கோப்பு கிடைக்கவில்லை. கோப்பின் பெயர் பெரிய எழுத்தில் தொடங்குகிறது, நான் கோடிங்கில் சின்ன எழுத்தில் அடித்திருக்கிறேன். விண்டோஸ் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளும், பக்கம் இருக்கும் லினக்ஸ் சர்வர் எடுத்துக்கொள்ளாது. இதை நானே கண்டுபிடித்தேன். இனிமேல் எல்லாப் பெயரும் சின்ன எழுத்தில், இடைவெளி இல்லாமல்.

ஜூன் 14, சனி

போனில் எழுத்து எறும்பு மாதிரி தெரிகிறது என்றார் அப்பா. திரை அகலத்துக்குப் பொருத்தச் சொல்லும் வியூபோர்ட் வரி இல்லையென்றால் போன் பிரவுசர் பக்கத்தை 980 பிக்சல் அகலம் என்று வைத்துக்கொண்டு சுருக்கிவிடுகிறது. அந்த வரியைச் சேர்த்ததும் சரியானது. படங்கள் ஒவ்வொன்றும் 4 எம்பி இருந்தன. தோப்புப் பக்கம் டவர் சரியாகக் கிடைக்காது. 800 பிக்சலுக்குக் குறைத்துவிட்டேன்.

ஜூன் 18, புதன்

பக்கத்தைக் கணக்குப் போட வைக்கும் மொழியான ஜாவாஸ்கிரிப்ட் தொட்டேன். ஏக்கரைக் கொடுத்தால் செடிக் கணக்கு வரணும். 30 அடிக்கு 30 அடி என்றால் ஒரு செடிக்கு 900 சதுர அடி; ஏக்கர் 43,560 சதுர அடி; ஆக 48 செடி. பட்டுப்போனால் மாற்றி வைக்க உபரி எத்தனை என்று இன்னொரு பெட்டி. ஒரு ஏக்கர், உபரி 5 என்று போட்டேன். 485 வந்தது. பின்னால் நின்ற அப்பா, “இதை நம்பி எவனாவது குழி எடுத்துட்டா?” என்று பதறினார்.

அக்காவிடம் போகும் முன் எழுதினேன். வந்தது 48-ம் 5-ம் ஒட்டி நிற்கிற எண் என்பது அப்போதுதான் தெரிந்தது. கூட்டவில்லை, ஒட்டியிருக்கிறது. ஏன் என்று மட்டும் அவளிடம் கேட்டேன். பெட்டியில் அடிப்பது எதுவும் எழுத்தாகத்தான் உள்ளே போகும். பெருக்கும்போது ஜாவாஸ்கிரிப்ட் அதை எண்ணாக மாற்றிக்கொள்ளும். கூட்டல் குறி வந்தால் ஒரு பக்கம் எழுத்து இருந்தாலே போதும், ஒட்டிவிடும். நம்பர் என்று மாற்றிக் கூட்டினேன். 53.

ஜூன் 22, ஞாயிறு

ஆந்திராவில் இருக்கும் குப்பம் ஊரிலிருந்து வாடிக்கையாக வருகிறவர், ரகப் பெயர்களைத் தெலுங்கிலும் போடச் சொன்னார். எனக்குப் பேச வரும், எழுத வராது. அவரே வாட்ஸ்அப்பில் அடித்து அனுப்பினார். ஒட்டி ஏற்றினேன், சார்செட் வரி இருப்பதால் முதல் தடவையிலேயே சரியாக வந்தது. பத்து நிமிசத்தில் அவரிடமிருந்து திரையின் படம். இமாம்பசந்தில் ஒரு எழுத்தைச் சுற்றி வட்டம் போட்டிருந்தார், அவர் அடித்ததிலேயே பிழையாம். திருத்திவிட்டேன். நீலம் இன்று சந்தையில் தீர்ந்துவிட்டதாக அப்பா வந்து சொன்னார். அதையும் எடுத்தாச்சு.