கண்ணாடிக்குப் பின்னால் வெளிச்சம்

ஜனவரி 5, திங்கள்

கடை திறந்ததும் போன். புதுச்சேரியில் சின்ன வீராம்பட்டினம் பக்கம் ஒரு பெரிய ரிசார்ட்டில் கண்ணாடிச் சிற்பம், ஓவியக் கண்காட்சி. பீடங்களுக்கு மேல்தட்டு வேண்டும், படம் மாட்ட ஆள் வேண்டும். அப்பா காலத்திலிருந்து பிரேம் போடுகிற கடை எங்களுடையது. சாமி படம், கல்யாணப் படம், மாலை போட்ட படம், இந்த மூன்றும்தான் சோறு போடுகின்றன. சிற்பம் என்றதும் ஆசை வந்துவிட்டது. மதியமே போய் அளவெடுத்தேன்.

ஜனவரி 7, புதன்

டஃபன் கண்ணாடி, அதாவது சூடேற்றிக் கெட்டிப்படுத்திய கண்ணாடித் தட்டுகளை இறக்கியதும், ஒன்றில் மட்டும் வயர் போக ஓட்டை போடச் சொன்னார் மேலாளர். டஃபன் செய்தபின் ஓட்டை போட்டால் தட்டு முழுக்க உப்புக்கல் மாதிரி உதிர்ந்துவிடும், முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்றேன். நம்பவில்லை. வயர் பீடத்துக்குப் பின்னால் போயிற்று.

சிற்பங்கள் மரப்பெட்டிகளில் வந்தன. நான்கு பேர் சேர்ந்து தூக்கியும் மூச்சு வாங்கியது. கடைக் கணக்குப்படி ஒரு சதுர மீட்டர் கண்ணாடிக்கு, எம்.எம். ஒன்றுக்கு இரண்டரைக் கிலோ. "இது எத்தனை எம்.எம்.ணே?" என்றான் கடைப்பையன். ஒரு சாண் கனம்டா, நீயே பெருக்கிக்கோ என்றேன்.

செய்தவர் பெங்களூரிலிருந்து வந்த ஒரு மேடம். நன்றாகத் தமிழ் பேசினார். உருக்கி அச்சில் இறக்குவது சீக்கிரம் முடிந்துவிடுமாம், ஆறவைக்கத்தான் வாரக்கணக்கு. வெளிப்புறம் முந்திக்கொண்டு குளிர்ந்து உள்ளே சூடு தங்கினால், இன்றைக்கில்லாவிட்டாலும் என்றைக்காவது ஒரு நாள் தானாக வெடிக்கும். அதனால் சூளைக்குள்ளேயே வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூட்டைக் குறைப்பார்களாம். கடைக் கண்ணாடியின் ஓரம் பச்சையாகத் தெரியும், மணலில் இருக்கும் இரும்பு அப்படி. இவருடைய வெள்ளைக் கட்டிகளில் பச்சை துளியும் இல்லை, கிணற்றுத் தண்ணீரை வெட்டி வைத்த மாதிரி. நீலக்கட்டி ஒன்று, கோபால்ட் சேர்த்தது. அதைத்தான் நடுவில் வைத்தோம்.

ஜனவரி 8, வியாழன்

இன்று ஓவியங்கள். வரைந்தவர் வேறு ஆள், வரவில்லை. பெரும்பாலும் கேன்வாஸ். எனக்குப் பெரிதாக ஒட்டவில்லை, சுவருக்கேற்ற நிறமாகப் பார்த்து வாங்கியவை போல இருந்தன. ஆனால் மூன்று படங்கள் கண்ணாடியின் பின்பக்கம் வரைந்தவை. தஞ்சாவூர்க் கண்ணாடிப் படங்களை அப்பா ரிப்பேர் செய்யும்போது பார்த்த வேலை அது. எல்லாம் தலைகீழ்: பொட்டும் கண்ணும் நகையும் முதலில், முகம் அடுத்து, ஆகாயம் கடைசியில். பொட்டு கோணலாகிவிட்டால் அப்புறம் திருத்த வழியில்லை, அதன்மேல் முகமே ஏறிவிட்டிருக்கும்.

பையன் துணியில் ஸ்பிரிட் நனைத்துப் பின்பக்கத்தைத் துடைக்கப் போனான். நான் போட்ட சத்தத்தில் வரவேற்பறையே திரும்பிப் பார்த்தது.

ஜனவரி 9, வெள்ளி

லைட் போட்டார்கள். செத்துப்போச்சு.

படத்துக்குப் போடுகிற மாதிரியே முன்னாலிருந்து ஸ்பாட் லைட். ஓவியங்கள் பளிச்சென்று நின்றன. சிற்பங்களில் பல்பின் புள்ளியும் என் வழுக்கையும்தான் தெரிந்தன. நீலக்கட்டி வெறும் கறுப்பு. ரயிலடிக்கு எதிரே திரு இருதய ஆண்டவர் பசிலிக்காவில் 28 புனிதர்கள் வண்ணக் கண்ணாடியில் இருக்கிறார்கள். பகலில் ரோட்டிலிருந்து பார்த்தால் அத்தனையும் அழுக்குக் கண்ணாடிபோல இருக்கும், உள்ளே போனால்தான் சிவப்பும் நீலமும். கண்ணாடிக்கு வெளிச்சம் முதுகில் விழ வேண்டும். லைட் போட்ட பையனிடம் இதைச் சொன்னேன். "டிசைன்ல அப்படித்தான் சார் இருக்கு" என்றான்.

மேடத்திடம் கேட்டேன். ஸ்டூடியோவில் ஜன்னலோரம் வைத்துத்தான் செய்தாராம். திறப்பு ராத்திரி ஏழு மணிக்கு என்று கடைசியில்தான் சொன்னார்களாம்.

ஜனவரி 10, சனி

திறப்பு. குத்துவிளக்கு, பேச்சு, வயலின். கூட்டம் ஓவியங்கள் முன்னால் நின்றது. சிற்பங்களின் மேல் ஜூஸ் டம்ளர் வைக்காமல் பார்த்துக்கொள்வதே என் வேலையாயிற்று.

ஜனவரி 11, ஞாயிறு

ஒரு படத்தின் கொக்கி இளகியிருந்ததால் விடியும் முன்பே போனேன். கூட்டுகிற அக்கா, கடல் பக்கத்துக் கதவுகளின் திரையை விலக்கினார். ஆறரை இருக்கும். சூரியன் தண்ணீரை விட்டு மேலே வந்ததும் நீலக்கட்டி பற்றிக்கொண்டது. அடியில் கருநீலம், மெலிந்த விளிம்பில் மயில் கழுத்து, உள்ளே சிக்கியிருந்த காற்றுக்குமிழிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக. நேற்று இரண்டு மணி நேரம் பக்கத்திலேயே நின்றவன் நான், குமிழி இருப்பதே தெரியாது! தரையில் பாய் அகலத்துக்கு நீலம் விழுந்து மெதுவாக நகர்ந்தது.

அக்கா அந்த இடத்தைச் சுற்றித் துடைத்தார். ஏன் என்றேன். "அது அந்தாண்ட போவட்டும் தம்பி, அப்பால தொடச்சிக்கலாம். நேத்தும் அப்படித்தான் உட்டேன்."

விருந்தாளிகள் எழுந்து வரும்போது எட்டரை. அதற்குள் வெயில் மேலே ஏறிவிட்டது.

ஜனவரி 13, செவ்வாய்

உப்புக்காற்றில் இரண்டே நாளில் கட்டிகள் மேல் மங்கல். வெறும் தண்ணீர், மெல்லிய துணி. வரும் வழியில் பையனை அரிக்கமேட்டுக்குக் கூட்டிப்போனேன். தொல்லியல் ஆய்வாளர் வீலர் 1945-இல் தோண்டிய இடம். பழுத்த கண்ணாடியைக் குழாயாக இழுத்து, துண்டு போட்டு, மறுபடி சூடேற்றி விளிம்பு மழுங்கவைத்துப் பாசிமணி செய்த ஊர் இது. ஏறத்தாழ இரண்டாயிரம் வருஷம். பையனுக்கு ஆற்றங்கரையில் நண்டு பிடிப்பதில்தான் கவனம்.

ஜனவரி 18, ஞாயிறு

பிரித்துக் கட்டினோம். ஓவியம் நான்கு விற்றதாம், சிற்பம் ஒன்றுமில்லை. என் பில் அடுத்த மாதம். பெட்டியை ஆணியடிக்கும்போது திரை விலகியது, வெயில் வந்தது. அக்கா மாப்பை எடுத்து, கதவிலிருந்து எதிர்ச் சுவர் வரைக்கும் ஒரே இழுப்பாகத் துடைத்துக்கொண்டு போனார்.