ஆபரேஷனுக்குப் பிறகு மூச்சுப் பயிற்சி: மூன்று பந்துக் கருவியும் நாங்கள் பட்ட பாடும்

அம்மாவின் பித்தப்பை ஆபரேஷனுக்கான பரிசோதனைகள், காப்பீட்டு அனுமதி, அட்மிஷன் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. சின்னத் துளைகள் போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பியில் ஆரம்பித்து, உள்ளே ஒட்டிக்கொண்டு இருந்ததால் வயிற்றைத் திறந்துதான் எடுத்தார்கள், அதுவும் நல்லபடியாகவே ஆனது. எங்களை அலைக்கழித்தது அதற்கப்புறம் வந்த மூச்சுப் பயிற்சிதான், அதை நினைத்தால் இன்னமும் கோபம் வருகிறது.

வார்டுக்கு மாற்றியதும் மருந்துப் பையோடு ஒரு ஸ்பைரோமீட்டரும் வந்தது. மூன்று குழாய், மூன்று பந்து, ஓர் உறிஞ்சுகுழல், பார்த்திருப்பீர்கள். "மணிக்கொரு தடவை ஊதுங்கம்மா" என்று சொல்லிவிட்டு நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அம்மா சொன்னதை அப்படியே செய்தார், வலியைப் பொறுத்துக்கொண்டு ஊதினார். பந்து அசையவே இல்லை. ஊதினால் எப்படி அசையும்? அது மூச்சை உள்ளே இழுக்க வேண்டிய கருவி. வந்து வந்து கேட்டவர்கள் எல்லாரும் "பண்றீங்களா?" என்று மட்டும் கேட்டார்கள், "பண்றேன்" என்றார் அம்மா, சார்ட்டில் டிக் விழுந்தது. ஒருவராவது நின்று பார்க்கவில்லை. வார இறுதி என்பதால் பிசியோதெரபிஸ்ட்டும் கிடையாது.

விலா எலும்புக்குக் கீழே வெட்டுக்காயம் இருந்தால் மூச்சை ஆழமாக இழுக்கவே வலிக்கும். அதனால் மேலோட்டமாக மூச்சு விடுவோம், இருமலையும் அடக்குவோம். அப்போது நுரையீரலின் அடிப்பகுதி சரியாக விரியாமல் சுருங்கிக்கொள்ளும், சளி அங்கேயே தங்கும், கவனிக்காமல் விட்டால் நிமோனியா வரைக்கும் போகலாம். அம்மாவுக்கும் அந்தச் சுருக்கம் வந்தது. லேசான காய்ச்சல், விரலில் மாட்டும் மீட்டரில் ஆக்சிஜன் 91 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது, எக்ஸ்ரேயில் வலது பக்கம் அடியில் வெள்ளையாக ஒரு பட்டை. உடனே ஆக்சிஜன் மாஸ்க் வைத்தார்கள். டாக்டர் சார்ட்டைப் பார்த்துவிட்டு "பயிற்சி ஒழுங்கா பண்ணியிருக்காங்களே" என்றபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

திங்கட்கிழமை வந்த பிசியோதெரபிஸ்ட் சின்னப் பெண்தான், ஆனால் கொஞ்ச நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டார். முதலில் படுக்கையின் தலைப்பக்கத்தை உயர்த்தி அம்மாவை நிமிர்ந்து உட்கார வைத்தார். மடித்த தலையணையைத் தையல் மேல் அணைத்துப் பிடிக்கச் சொன்னார். "முழுசா மூச்சை விட்டுட்டு, குழலை உதட்டால இறுக்கிப் பிடிச்சு, இளநீரை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுவீங்கல்ல, அப்படி மெதுவா இழுங்கம்மா" என்றார். முதல் பந்து எழும்பியது! அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

குழாய்களில் 600, 900, 1200 என்று போட்டிருக்கிறதே, அது ஒரு நொடிக்கு எத்தனை மில்லி காற்று உள்ளே போகிறது என்ற வேகம். அதனால் வெடுக்கென்று இழுத்து மூன்று பந்தையும் ஒரு கணம் தூக்குவதில் பயன் இல்லை. முதல் பந்தை மட்டும் மேலேயே நிறுத்தி நீளமாக இழுத்து, இரண்டு மூன்று நொடி அடக்கி, அப்புறம் உதட்டைக் குவித்து மெல்ல விட வேண்டும். விழித்திருக்கும் நேரத்தில் மணிக்குப் பத்து மூச்சு, அதையும் தொடர்ந்து செய்யாமல் இடையிடையே சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டு. தலை சுற்றினால் உடனே நிறுத்திவிட வேண்டும். முடித்ததும் தலையணையை அழுத்திப் பிடித்து இரண்டு இருமல். வலி மாத்திரை போட்டு அரை மணி நேரம் கழித்துச் செய்தால் நன்றாக இழுக்க வருகிறது, இதை நாங்களே கண்டுபிடித்தோம். சாப்பிட்ட உடனே வேண்டாம், குமட்டும்.

பார்க்க வந்த சொந்தக்காரர்களும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். சித்தி பலூன் பாக்கெட் வாங்கி வந்தார், பெரியப்பா கபாலபாதி செய்யச் சொன்னார். அன்போடுதான் சொன்னார்கள், ஆனால் பலூன் ஊதுவது வெளியே தள்ளும் வேலை, இங்கே தேவை உள்ளே இழுப்பது. கபாலபாதியில் வயிற்றை வெட்டி வெட்டி இழுக்க வேண்டும், புதுத் தையலோடு அதைச் செய்யவே கூடாது. யார் வற்புறுத்தினாலும் டாக்டரைக் கேட்காமல் இறங்காதீர்கள்.

டிஸ்சார்ஜ் ஆன பிறகும் ஓர் அலைச்சல் காத்திருந்தது. சம்மரியில் "பிசியோதெரபி தொடரவும்" என்று எழுதியிருந்ததை நம்பி, தையலோடு அம்மாவை ஆட்டோவில் வைத்து, ஒவ்வொரு வேகத்தடைக்கும் தலையணையை அழுத்திப் பிடித்தபடி ஆஸ்பத்திரியின் பிசியோதெரபி பிரிவுக்குப் போனோம். கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "சர்ஜன் கையெழுத்து போட்ட தனிச் சீட்டு வேணும், அவர் ஓபி இன்னைக்கு இல்ல" என்றார். சம்மரியிலும் அதே சர்ஜனின் கையெழுத்துதானே என்று காட்டினேன், எடுபடவில்லை. திரும்பி வந்தோம். டிஸ்சார்ஜ் அன்றே அந்தச் சீட்டையும் கேட்டு வாங்கிவிடுங்கள், வார்டிலேயே எழுதித் தருவார்களாம்.

சீட்டு கிடைத்த பிறகு ஒரு தடையும் இல்லை. வயிற்றில் கை வைத்து, மூச்சை இழுக்கும்போது கை மேலே வருகிறதா என்று பார்க்கச் சொல்லிக்கொடுத்தார்கள். காலையும் மாலையும் நடக்கச் சொன்னார்கள். இரண்டாவது பந்தும் மேலேயே நின்றது. அடுத்த எக்ஸ்ரேயில் அந்த வெள்ளைப் பட்டை இல்லை, அம்மா மாடிப்படியை நிற்காமல் ஏறுகிறார்.

எதிர்வீட்டு அக்காவுக்கும் இப்போது ஆபரேஷன். அம்மா தன் கருவியைக் கழுவிக் கொடுக்கக் கிளம்பினார், நான் விடவில்லை. ஒருவர் வாய் வைத்ததை இன்னொருவர் பயன்படுத்தக் கூடாது, கிருமி தொற்றும். புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறோம், ஆபரேஷனுக்கு முன்பே இழுத்துப் பழகச் சொல்லி அம்மாவே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறார்.