களப்பயிற்சிக் குறிப்புகள்: தேயிலைத் தோட்டத்து மேற்பிரிவு லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்)

ஜூன் 3, 2025
பயிற்சிக்காக நான் சந்திக்கும் லயத்து அம்மாவிடம் கேட்க வேண்டியவற்றுக்கெல்லாம் இன்றும் அவருடைய தம்பியே பதில் சொன்னார். அம்மா இஸ்தோப்பில், அந்த முன்திண்ணையில், சுவரோடு சாய்ந்திருக்க, உத்தியோகத்தரும் தோட்டத் தலைவரும் அவரைத் தாண்டியே பேசி, பராமரிப்பு இல்லத்தில் சேர்ப்பதென்று ஏறக்குறைய முடிவும் செய்துவிட்டார்கள். பாரிசவாதம் (பக்கவாதம்) அவருடைய வலக்கையையும் பேச்சையும் பாதித்திருக்கிறது. பேசுவதெல்லாம் அவருக்கு நன்றாக விளங்குகிறது.

ஜூன் 5
அடைமழையால் பஸ் ஹட்டனோடு நின்றுவிட்டது.

ஜூன் 6
இல்லத்தைப் பற்றி நடக்கவிருக்கும் கூட்டத்தில் பக்கத்தில் யார் இருக்க வேண்டும் என்று மட்டும் அம்மாவிடம் கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தேன். உதடு ஒரு பக்கம் கோணி, முதலில் காற்று மட்டும் வந்தது. இடக்கையால் முழங்காலை அழுத்திக்கொண்டு மறுபடி முயன்று, "மக" என்றார், பிறகு "மகதான் மிஸ்" என்று தெளிவாகவே சொன்னார். இவ்வளவு நேரம் அவருக்கு யாரும் கொடுத்ததில்லை. கூட்டமோ காலை பத்து மணிக்கு; மகள் கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து இறங்கி வந்தால் அவளுக்கு அன்றைக்கு அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான், விழும்.

ஜூன் 8
ஷெரி ஆர்ன்ஸ்டைன் 1969இல் வகுத்த பங்கேற்பு ஏணியின் எட்டுப் படிகளையும் மறுபடி வாசித்தேன். எடுத்த முடிவை அறிவிப்பது மூன்றாவது, கருத்துக் கேட்பது நான்காவது. அம்மாவுக்கு இதுவரை அந்த மூன்றாவதுகூடக் கிடைக்கவில்லை என்பது என்னை வாட்டுகிறது.

ஜூன் 10, போசன் போயா (பௌர்ணமி விடுமுறை)
மகள் வீட்டில் இருந்தாள். இல்லத்தைப் பற்றி அம்மாவிடம் நேரடியாகவே கேட்டேன். அவர் தலையசைக்காமல், லயத்துக்குப் பின்னால் மலசலகூடத்துக்கு இறங்கும் கற்படிகளைக் காட்டினார். பாசி பிடித்த அந்தப் படிகளில் பிடித்து இறங்க ஒரு கம்பிகூட இல்லை. மகள் கொழுந்துக்குப் போனபின் அவரை இறக்கிவிட ஆளில்லை என்பதுதான் இல்லத்துக்கு அனுப்பச் சொல்லப்படும் காரணம் முழுவதும். அதற்குக் கைபிடிக் கம்பி போதும் என்று அவர் நினைக்கிறார், நானும் அப்படியே நினைக்கிறேன். தோட்டங்களுக்குள் பிரதேச சபை செலவு செய்ய 2018ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் வழிவிட்டிருக்கிறது. ஆகவே கம்பியைப் பற்றி நிர்வாகத்திடமும் சபையிடமும் கேட்கலாம்.

ஜூன் 12
ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. எங்கே, யாருடன் வாழ்வதென்று தெரிவு செய்யும் உரிமையை அதன் 19ஆம் உறுப்புரை சொல்கிறது. கூட்டத்தை அந்திக் கொழுந்தை எடைபோட்ட பிறகு பிள்ளைமடுவத்தில் (தோட்டத்துப் பிள்ளைகள் காப்பகத்தில்) வைக்கும்படியும், கூட்ட அறிக்கையை அம்மாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டும்படியும் எழுதிக் கொடுத்தேன். எழுதியதை முதலில் அம்மாவுக்கு வாசித்தேன். கம்பி வேண்டும் என்பதை முதலாவதாக எழுதச் சொன்னார், எழுதினேன்.

ஜூன் 13
நேரத்தை மாற்ற முடியாதாம்.

ஜூன் 14
வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையிடம் மகளின் அன்றைய பேரை, அந்த நாட்சம்பளத்தை, பற்றிப் பேசினேன். துரையிடம் (தோட்ட மேலாளரிடம்) கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

ஜூன் 16
அழைப்புக் கடிதத்தின் பிரதி வந்தது. தலைவரின் பெயர் இருக்கிறது, தம்பியின் பெயர் இருக்கிறது, பயிற்சி மாணவியான என் பெயர்கூட இருக்கிறது. அம்மாவின் பெயர் விடயத் தலைப்பில் மட்டுமே இருக்கிறது. அழைக்கப்பட்டோர் வரிசையில் அவரையும் மகளையும் சேர்க்கும்படி கேட்க நாளைக் காலை முதல் பஸ்ஸிலேயே போகிறேன்.