பாக்கலாம் தம்பி

கணக்கு சரிதான். எத்தனையோ முறை திரும்பப் போட்டுப் பார்த்தாயிற்று, ஒரு எண்கூட மாறவில்லை. ஆனாலும் அதைப் போட்டுக்காட்டிய அந்த அரைமணி நேரம் இரண்டு வருஷமாக உறுத்திக்கொண்டே இருக்கிறது.

எங்கள் கம்பெனியில் சிஎன்சி செட்டராக, அதாவது கணினியில் ஓடும் மெஷினை ஒவ்வொரு வேலைக்கும் தயார் பண்ணிக் கொடுப்பவனாக இருந்த தம்பி ஒரு சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் என்னிடம் வந்து நின்றான். கோயம்புத்தூர் கணபதியில் ஒரு பழைய டர்னிங் சென்டர் (சிஎன்சி லேத்) விலைக்கு வருகிறது, 10 லட்சம், லோன் கிடைத்துவிடும் போலிருக்கிறது, வாங்கி, கம்பெனிகளுக்குக் கூலிக்குக் கடைந்து கொடுக்கும் ஜாப் வொர்க் ஆரம்பிக்கலாமா என்று கேட்டான். கையில் ஒரு ஜாப் கார்டு. அதன் பின்பக்கத்தில் பென்சிலில் கணக்கு எழுதியிருந்தான். ஒரு நாளைக்கு இரண்டு ஷிஃப்ட், 16 மணி நேரம். மாதம் 25 நாள். ஆக 400 மணி. மணிக்கு 300 ரூபாய் ரேட் என்றால் 1,20,000 வரவு. செலவில், 11 சதவீத வட்டிக்கு 5 வருஷத் தவணை 21,742. ஷெட் வாடகை 12,000. கரண்ட் 9,000. ஆபரேட்டர் இரண்டு பேர் 36,000. இன்சர்ட் (வெட்டும் முனை), கூலன்ட், ஆயில் 10,000. மொத்தம் 88,742. மிச்சம் 31,258.

"இங்க வாங்குற 28,000-க்கு மேல மூவாயிரம் கூட வருதுங்ணா. அஞ்சு வருசத்துல மெஷினும் நம்மளதாயிரும்."

பேனாவை எடுத்து அந்த 400-ஐ அடித்தேன்.

மெஷின் ஓடும் நேரம் வேறு, காசு வரும் நேரம் வேறு. அவன் தினமும் ஓட்டிய பம்ப் ஷாஃப்ட்டையே எடுத்துக்கொண்டோம். சைக்கிள் டைம், அதாவது ஒன்றைக் கடைய ஆகும் நேரம், 3 நிமிஷம் 20 விநாடி, கழற்றி மாட்ட 40 விநாடி, ஆக ஒரு ஷாஃப்ட்டுக்கு 4 நிமிஷம். மணிக்கு 15. 300 ரூபாய் ரேட்டில் ஒன்றுக்கு 20 ரூபாய். 120 ஷாஃப்ட் ஒரு லாட் என்றால் 8 மணி நேர ஓட்டம். ஆனால் அந்த லாட்டுக்குப் பீஸைப் பிடிக்கும் ஜாவை மாற்றி, டூல் ஆஃப்செட் எடுத்து, முதல் பீஸைப் போட்டு, பேரிங் உட்காரும் இடம் டாலரன்ஸுக்குள் வருகிறதா என்று மைக்ரோமீட்டரில் பார்த்து முடிக்க 2 மணி நேரம் போகும். 10 மணி நேரத்தில் 8-க்குத்தான் காசு. கம்பெனிக்குள் இருக்கும்வரை அந்த 2 மணி நேரத்துக்கும் சம்பளம் வந்துவிடும், அதனால் செட்டர் கண்ணுக்கு அது தெரியாது. ஜாப் வொர்க்கில் அது நம் தலையில் விழும். இதற்குமேல் மெட்டீரியல் வராத நாள், கரண்ட் ஷட்டவுன், ஆபரேட்டர் லீவு, ஆடி நோம்பி, பொங்கல். 65 சதவீதம் நிஜ ஓட்டம் கிடைத்தால் நல்ல ஷெட். 400 என்பது 260 ஆனது. வரவு 78,000.

அடுத்து அவன் எழுதாமல் விட்ட இரண்டு வரிகள். ஒன்று, ரிப்பேருக்கு மாதம் 6,000 தனியாக எடுத்து வைப்பது. பழைய மெஷினில் பீஸைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் பேரிங்கோ, டூலை நகர்த்தும் பால் ஸ்க்ரூவோ போனால் லட்சத்தில் பேசுவார்கள். எடுத்து வைக்காதவர் அன்றைக்குத் தவணை கட்ட முடியாமல் நிற்பார். இன்னொன்று, அவனுடைய சம்பளம். 25,000 என்று போட்டேன். மொத்தச் செலவு 1,19,742. கரண்ட்டும் இன்சர்ட்டும் கொஞ்சம் குறையும் என்று வைத்தாலும் மாதம் 40,000 பக்கம் துண்டு விழும்.

ரிஜெக்‌ஷனையும் சொன்னேன். மெட்டீரியல் கஸ்டமருடையது. ஒரு ஷாஃப்ட் அளவு குறைந்துபோனால் போவது நம்முடைய 20 ரூபாய் மட்டுமில்லை. 280 ரூபாய் மெட்டீரியலைப் பிடித்துக்கொண்டு டெபிட் நோட் வரும். ஒரு ரிஜெக்ட் 14 ஷாஃப்ட்டின் கூலியைத் தின்றுவிடும். இன்சர்ட் முனை தேய்வதைக் கவனிக்காமல் விட்டால் வரிசையாக அஞ்சாறு போகும்.

பேமென்டையும் விடவில்லை. குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான 2006-ஆம் வருஷத்து எம்எஸ்எம்இ சட்டப்படி எழுதி வைத்த ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைக்குள் பணம் தந்தாக வேண்டும், ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2024 ஏப்ரலிலிருந்து வருமான வரியிலும் இதற்கு ஒரு பிடி வந்தது. சிறு நிறுவனத்துக்கு உரிய காலத்தில் தராத தொகையை, தந்த பிறகுதான் செலவாகக் காட்ட முடியும். சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு இருந்தால் அரசிடம் ஆன்லைனில் புகார் கொடுக்கலாம். சட்டம் இவ்வளவு தூரம் துணை இருக்கிறது. ஆனால் ஒரே ஒரு மெஷின், ஒரே ஒரு கஸ்டமர் வைத்திருப்பவர் அந்தக் கஸ்டமர் மேல் புகார் கொடுப்பாரா? 90 நாள் ஆகும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். அப்படியென்றால் மூன்று மாதச் செலவு கையில் வேண்டும். அவன் சம்பளத்தை விட்டுவிட்டாலும் 2,84,000. அது லோனில் வராது.

அவன் முகம் வாடவில்லை. கார்டைத் திருப்பி வாங்கிப் பார்த்தான். விரல் நுனியில் இரும்புச் சுருள் கிழித்த பழைய தழும்பு, நகத்துக்கடியில் கூலன்ட் கறை. 300 என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்து நிமிர்ந்தான்.

"ஏனுங்ணா, நான் ஆரம்பிச்சா இந்த ஷாஃப்ட எனக்குக் குடுப்பீங்களா?"

"பாக்கலாம் தம்பி."

"சரிங்ணா" என்று கார்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனான். அதற்கப்புறம் அந்தப் பேச்சை அவன் எடுக்கவேயில்லை. நாலு மாதத்தில் ஓசூரில் ஒரு கம்பெனியில் 4,000 கூடக் கிடைக்கிறது என்று கிளம்பிவிட்டான்.

அவன் வந்தது கணக்கு கேட்க அல்ல என்பது இப்போது தெரிகிறது. அந்த ஒரு கேள்விதான் கேள்வி. முன்னால் நடந்த அரைமணி நேரமும் அதற்கு வந்து சேரும் வழி. அவன் கேட்காததற்கெல்லாம் விலாவாரியாகப் பதில் சொல்லிவிட்டு, கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை.

ஆர்டர் கொடுப்பது என் கையில் இல்லை என்பது நிஜம். புது வெண்டர் என்றால் முதலாளி சம்மதிக்க வேண்டும், குவாலிட்டியிலிருந்து போய் ஷெட்டைப் பார்க்க வேண்டும், சாம்பிள் 10 பீஸ் பாஸ் ஆக வேண்டும். கையில் இல்லாததைக் கொடுக்கிறேன் என்று சொல்லி, அதை நம்பி அவன் லோன் போட்டிருந்தால் அது பெரிய பாவம். இப்படி நினைக்கும்போது "பாக்கலாம்" என்பதுதான் நேர்மையான பதில் என்று தோன்றும். ஆனால் இந்த ஊரில் அந்த வார்த்தைக்கு இல்லை என்று அர்த்தம். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இதைவிடக் கூச்சமான ஒன்று இருக்கிறது. நல்ல செட்டர் ஒருவனைத் தயார் பண்ண ஒன்றரை, இரண்டு வருஷம் ஆகும். அவன் போனால் இரண்டு மெஷின் தள்ளாடும், அந்தத் தலைவலி எனக்குத்தான் வரும். அவன் இருந்தால் லாபப்படுகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு அவனுக்கு யோசனை சொன்னேன். எண்கள் எல்லாம் உண்மை. ஆனால் எந்த எண்ணைச் சொல்வது, எதை விடுவது என்பதில் கை சாயும். புதிதாகத் தொழில் தொடங்குபவர்களுக்கான தமிழக அரசின் நீட்ஸ் திட்டம் 2012-லிருந்து இருக்கிறது, 25 சதவீத மானியத்தோடு புது மெஷினுக்கே போகலாம், ஐடிஐ படித்தவனுக்கும் உண்டு. மாவட்டத் தொழில் மையத்துக்கு ஒரு நடை போய் வா என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அன்றைக்கு அது ஞாபகத்துக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைத்தான் இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கோயம்புத்தூர் தொழில் வளர்ந்த கதையில் ஜி.டி. நாயுடு பெயர் வராமல் இருக்காது. ஹோட்டலில் வேலை செய்து காசு சேர்த்து மோட்டார் சைக்கிள் வாங்கி, அதை அக்கு அக்காகக் கழற்றி மாட்டியவர், 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸைத் தானே ஓட்டியவர், 1937-ல் இந்த ஊரிலிருந்து மின்மோட்டார் வரக் காரணமாக இருந்தவர் என்று சொல்லிக்கொண்டு போவோம். விடாமுயற்சியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நானும் அவரைத்தான் சொல்வேன். ஆனால் அந்த முதல் பஸ்ஸுக்கு வெள்ளைக்காரத் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ் கைகொடுத்தார் என்பதை ஒரு வரியில் கடந்துவிடுவோம். அந்த இடத்தில்தான் நின்று யோசித்திருக்க வேண்டும். ஸ்டேன்ஸ் பொள்ளாச்சி ரோட்டில் எத்தனை பேர் ஏறுவார்கள் என்று கணக்குப் போட்டுக் காட்டியிருந்தால், அந்தக் கணக்கும் சரியாகத்தான் இருந்திருக்கும்.

பீளமேட்டிலும் ஆவாரம்பாளையத்திலும் கணபதியிலும் தெருத்தெருவாக லேத் போட்டவர்களில் பலர் ஏதோ ஒரு ஷெட்டில் வேலை பழகியவர்கள். முதல் வேலையைப் பழைய முதலாளியிடமிருந்தே வாங்கியவர்கள். பட்டறை வைக்க அவர்களுக்கு வேண்டியிருந்தது அந்த முதல் ஆர்டர்தான்.

அன்றைக்கு என்ன சொல்லியிருக்கலாம் என்று எழுதிப் பார்த்தேன். மாதம் 2,000 ஷாஃப்ட், 6 மாதத்துக்கு, எழுத்தில். 4 நிமிஷ வீதம் அது 133 மணி நேரம், அவனுடைய 260-ல் பாதி. மீதிப் பாதியை அவன் வெளியில் தேட வேண்டும், அதுவும் நல்லதுதான். ஒரே ஆளை நம்பியிருக்கக் கூடாது. 200-க்குக் குறைந்த லாட் என்றால் செட்டிங் சார்ஜ் தனி. ரிஜெக்‌ஷன் 1 சதவீதம் வரை கம்பெனி ஏற்கும், அதற்குமேல் டெபிட். பேமென்ட் 30 நாள். இவ்வளவையும் முதலாளியிடம் கொண்டுபோயிருந்தால் ரேட்டிலும் நாளிலும் கொஞ்சம் வெட்டியிருப்பார், அடியோடு மறுத்திருப்பாரா என்று தெரியவில்லை. ஒரு மணி நேரப் பேச்சு.

அந்த கணபதி மெஷினை வேறொருவர் வாங்கினார். எங்கள் ஷாஃப்ட்டில் ஒரு பங்கு இப்போது அவரிடம்தான் போகிறது, ஒன்றுக்கு 22 ரூபாய். டெலிவரி சலானில் கையெழுத்துப் போடுவது நான். என் கணக்குப்படி அவர் ஒரு வருஷத்தில் மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. எப்படி என்று பார்த்தேன். ஷெட் அப்பாவுடைய இடம், வாடகை இல்லை. ஒரு ஷிஃப்ட்டை அவரே ஓட்டுகிறார், ஆபரேட்டர் ஒருவர்தான். அளவு பார்த்து, எண்ணெய் தடவி, பேக் பண்ணுவது அவர் மனைவி. தவணை, கரண்ட், ஆபரேட்டர், இன்சர்ட், ரிப்பேர் சேர்த்து 64,742. 260 மணிக்கு 330 ரூபாய் வீதம் 85,800. மிச்சம் 21,058. இரண்டு பேர் உழைப்புக்கு, நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு அதுதான் கூலி. தம்பி இங்கே ஒருவனாக வாங்கிய 28,000-ஐவிடக் குறைவு.

அப்படியென்றால் நான் தடுத்தது நல்லதா? சில நாள் அப்படி நினைத்து நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். ஆனால் அவர் செட்டர் இல்லை. செட்டிங்குக்கு வெளியாளைக் கூப்பிட்டுக் காசு கொடுக்கிறார், லாட் மாறும் நாளில் அரை நாள் மெஷின் நிற்கிறது. தம்பி கையில் அது 2 மணி நேர வேலை. அந்த வித்தியாசத்தை என் கணக்கில் எந்த வரியிலும் போடவில்லை. 65 சதவீதம் என்பது ஊர்ச் சராசரி, அவனுடைய கை சராசரியில்லை. மூன்று வருஷம் பக்கத்தில் நின்று பார்த்த எனக்கு அது தெரியாதா?

போன மாதம் போன் பண்ணினான். மறுபடியும் ஒரு மெஷின், இந்த முறை அரசூர் பக்கம்.

"வேலயப் பத்திக் கேக்கலைங்ணா. மெஷின மட்டும் ஒரு எட்டு வந்து பாத்துச் சொல்லுங்க."

முதல் வரி வலித்தது.

பழைய சிஎன்சி பார்க்கப் போகும்போது பெயின்ட்டைப் பார்க்கக் கூடாது. போனதும் ஸ்பிண்டிலை 2,000 ஆர்பிஎம்மில் ஒரு மணி நேரம் சும்மா ஓடவிட வேண்டும். விற்பவர் பொறுமை இழந்தால் அதுவே ஒரு தகவல். நின்ற பிறகு ஸ்பிண்டிலைத் தாங்கும் ஹெட்ஸ்டாக்கில் கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கலாம், கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங் முடியப்போகிறது. ஸ்பிண்டில் மூக்கில் டயல் கேஜ் வைத்துக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும், 10 மைக்ரான் ஆடினால் ஷாஃப்ட் வேலைக்கு ஆகாது. எக்ஸ் ஆக்ஸிஸில் டயலை முட்டவைத்து 0.1 மில்லிமீட்டர் முன்னே போய்ப் பின்னே வரச் சொன்னால் பேக்லாஷ், அதாவது திரும்பும்போது வரும் தளர்ச்சி, தெரியும். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மெஷினை இயக்கும் ஃபானுக் கன்ட்ரோலரில் 1851-ஆம் பாராமீட்டரில் ஈடு எண்ணைக் கூட்டிவைத்தால் தேய்ந்த ஸ்க்ரூவும் டயலில் சுத்தமாகத் தெரியும். அந்த எண்ணைத் திறந்து பார்க்காமல் விலை பேசக் கூடாது. கடைசியாக 100 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு பீஸை நம் கையால் டர்ன் பண்ணி இரண்டு முனையிலும் அளக்க வேண்டும். டேப்பர் வந்தால், அதாவது இரண்டு அளவும் ஒன்றாக இல்லையென்றால், அடித்தளமான பெட் தேய்ந்திருக்கும், அல்லது ஹெட்ஸ்டாக் விலகியிருக்கும். முதலாவதற்கு வைத்தியம் சுலபமில்லை.

இதையெல்லாம் போனிலேயே சொன்னேன், அவனுக்குத் தெரியாததும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன். டயலும் மேக்னடிக் ஸ்டாண்டும் டெஸ்ட் மேன்ட்ரலும் எடுத்து வைத்துவிட்டேன். 6 மாத ஆர்டரை எழுதிப் பார்த்த தாள் மேஜை டிராயரில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் வெள்ளி ஒன்று, சனி ஒன்று, முதலாளி இரண்டு நாளும் ஆபீசில்தான் இருப்பார்.